உச்சி வெயில் யார் தலையில்?

"வெயில் எல்லோருக்கும் பொதுதானே! மாளிகையில் இருப்பவனுக்கும் அதே சூரியன், குடிசையில் இருப்பவனுக்கும் அதே சூரியன். இதில்கூடவா வர்க்கம் பார்ப்பீர்கள்?" என்று நம்மைக் கேலி செய்கிறவர்கள் இருக்கிறார்கள். கேட்பதற்கு நியாயம் போலத்தான் தோன்றுகிறது. ஆகவே கோபித்துக்கொள்ளாமல், வெயிலை அளக்கிற இடத்திலிருந்தே பேச்சைத் தொடங்குவோம்.

வானிலை நிலையங்களில் உஷ்ணமானியை எங்கே வைக்கிறார்கள் தெரியுமா? நான்கு பக்கமும் சரிவான பலகைகள் அடித்து, வெள்ளைச் சாயம் பூசி, காற்று மட்டும் உள்ளே போய்வரும்படி செய்த ஒரு பெட்டிக்குள் வைக்கிறார்கள். பெட்டி தரையிலிருந்து நாலடி உயரத்தில் நிற்கிறது. உலகம் பூராவும் இதுதான் முறை. காற்றின் உஷ்ணத்தைப் பிசகின்றி அளக்க வேண்டுமானால் அப்படித்தான் வைக்க வேண்டும். அதில் நாம் குற்றம் காணவில்லை. ஆனால் மறுநாள் பத்திரிகையில் "வேலூரில் 41 டிகிரி" என்று வருகிறதே, அது நிழலில், தரைச் சூடு படாமல், காற்றோட்டமாக நின்ற உஷ்ணமானிக்குத் தெரிந்த வெயில். தார் கொதிக்கும் டிரம்முக்குப் பக்கத்தில் நிற்கிறவனுக்குத் தெரிந்த வெயில் வேறு. பத்தாவது மாடித் தளத்தில் கம்பி கட்டுகிறவனுக்கும், தலையில் செங்கல் சுமந்து சாரம் ஏறுகிற சித்தாளுக்கும் தெரிந்த வெயில் வேறு. தூத்துக்குடி உப்பளத்தில் மேலே சூரியனும் கீழே வெள்ளை உப்பும் கண்ணைப் பறிக்க, உப்பு வாரிச் சுமக்கும் பெண்ணுக்குத் தெரிந்த வெயில் எந்தப் பத்திரிகையிலும் அச்சேறுவதில்லை. உஷ்ணமானிக்குக் கொடுத்த நிழலை உழைப்பாளிக்கு யாரும் கொடுக்கவில்லை!

ஒவ்வொரு கோடையிலும் சர்க்கார் ஓர் அறிவுரை வெளியிடுகிறது. பகல் 12 மணி முதல் 3 மணி வரை வெளியே செல்லாதீர்கள். தண்ணீரும் மோரும் இளநீரும் அருந்துங்கள். பருத்தி ஆடை உடுத்துங்கள். குடை எடுத்துச் செல்லுங்கள். நல்ல அறிவுரைதான், டாக்டர்கள் ஒப்புக்கொள்கிற அறிவுரைதான். யாரைப் பார்த்துச் சொல்கிறார்கள் என்பதுதான் நமது கேள்வி. 12 மணிக்கு வெளியே நிற்பதா வேண்டாமா என்று தீர்மானிப்பது சித்தாளா, மேஸ்திரியா? "வெளியே போகாதே" என்று தொழிலாளிக்குச் சொல்ல வாய் திறக்கிற சர்க்காருக்கு, "வெளியே நிறுத்தாதே" என்று முதலாளிக்குச் சொல்ல மட்டும் ஏன் நா எழவில்லை? இன்று உலகம் பூராவும் பேசப்படுகிற பருவநிலை மாற்றம் என்ற பெரிய விஷயத்தில், தொழிலாளி முதலில் பிடித்துக்கொள்ள வேண்டிய நுனி இதுதான் என்று நாம் கருதுகிறோம்.

அதே கத்திரிதானா?

"எங்கள் தாத்தா காலத்திலும் கத்திரி வெயில் இருந்தது, கொளுத்தத்தான் கொளுத்தியது" என்று நம் தோழர்களே சிலர் சொல்லக் கேட்டிருக்கிறோம். இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் பூமியின் சராசரி உஷ்ணம், ஆலைகள் பெருகுவதற்கு முன் இருந்ததைவிட 2024ஆம் வருஷத்தில் ஒன்றரை டிகிரிக்கு மேல் உயர்ந்துவிட்டது. கணக்கு வைக்கத் தொடங்கிய நாளிலிருந்து அவ்வளவு சூடான வருஷம் அதற்கு முன் கிடையாது. ஒன்றரை டிகிரிதானே என்று அலட்சியமாக நினைக்கக் கூடாது. மனித உடம்புக்கு 37 டிகிரி சரியான சூடு. அதற்குமேல் ஒன்றரை டிகிரி ஏறினால் படுத்துவிடுகிறோம் அல்லவா?

காரணம் மர்மமல்ல. நிலக்கரியையும் எண்ணெயையும் எரிவாயுவையும் எரித்தால் கரியமில வாயு உண்டாகிறது. சூரியனின் ஒளியை அது தடுப்பதில்லை. பூமி திருப்பி வெளியே விடும் வெப்பத்தை மட்டும் போகவிடாமல் பிடித்து வைக்கிறது. குளிர்காலத்தில் கம்பளி போர்த்துகிறோமே, கம்பளி சூட்டை உண்டாக்குவதில்லை, உடம்புச் சூட்டை வெளியே விடுவதில்லை, அந்த மாதிரி. கம்பளி வருஷத்துக்கு வருஷம் தடித்துக்கொண்டே போகிறது. ஆலை யுகத்துக்கு முன் காற்றில் பத்து லட்சம் பங்குக்குச் சுமார் 280 பங்கு இருந்த கரியமில வாயு, ஹவாய்த் தீவின் மவுனா லோவா மலையில் சார்லஸ் கீலிங் என்ற அமெரிக்க விஞ்ஞானி 1958இல் அளக்கத் தொடங்கியபோது 315 ஆகியிருந்தது. 2024இல் 420ஐயும் தாண்டிவிட்டது.

இதை யாரோ நேற்றுக் கண்டுபிடித்ததாக எண்ணிவிடாதீர்கள். 1856இல் யூனிஸ் ஃபூட் என்ற அமெரிக்கப் பெண்மணி, கண்ணாடிக் குழாய்களில் வெவ்வேறு வாயுக்களை அடைத்து வெயிலில் வைத்து, கரியமில வாயு நிரப்பிய குழாய்தான் அதிகமாகச் சூடேறுகிறது என்று காட்டிவிட்டார். 1896இல் ஸ்வீடனைச் சேர்ந்த ஸ்வாந்தே அரீனியஸ், காற்றில் இந்த வாயு இரண்டு மடங்கானால் பூமி எத்தனை டிகிரி சூடாகும் என்று கையாலேயே கணக்குப் போட்டார். பனியில் உறைந்து கிடக்கும் நாட்டுக்காரர் ஆனதால், கொஞ்சம் சூடானால் நல்லதுதான் என்றே அவருக்குத் தோன்றியது! உப்பளத்தில் ஒரு நாள் நின்றிருந்தால் வேறு விதமாக எழுதியிருப்பார்.

தெரிந்தே செய்தவர்கள்

ஆகவே தெரியாமல் நேர்ந்த விபத்து என்று யாரும் தப்பிக்க முடியாது. அதிலும் சிலருக்கு மற்றவர்களைவிட நன்றாகத் தெரிந்திருந்தது. 1977இல் அமெரிக்காவின் எக்ஸான் எண்ணெய்க் கம்பெனியில், அந்தக் கம்பெனியின் சொந்த விஞ்ஞானி ஜேம்ஸ் பிளாக் என்பவர், நிர்வாகிகளின் முன்னிலையில் நின்று, எண்ணெயும் நிலக்கரியும் எரிப்பதால் பூமி சூடாகிறது என்று விளக்கிச் சொன்னார். கம்பெனி அதை உதறித் தள்ளவில்லை. தனது எண்ணெய்க் கப்பல் ஒன்றிலேயே கருவிகள் பொருத்திக் கரியமில வாயுவை அளந்தது. விஞ்ஞானிகளை வைத்துக் கணக்குப் போட்டது. அந்தக் கணக்குகளை 2023இல் வெளியார் எடுத்துச் சோதித்துப் பார்த்தார்கள். பெரும்பாலானவை பின்னால் நடந்ததோடு பொருந்தியிருந்தன! அவ்வளவு திறமையான கணக்கு.

பிறகு என்ன செய்தார்கள்? 1988 ஜூனில் ஜேம்ஸ் ஹான்சன் என்ற விஞ்ஞானி அமெரிக்கச் செனட்டின் குழு முன் வந்து, சூடேறுவது தொடங்கிவிட்டது என்று பகிரங்கமாகச் சாட்சி சொன்னார். மறு வருஷமே எண்ணெய், நிலக்கரி, மோட்டார்க் கம்பெனிகள் கூடி ஒரு சங்கம் வைத்தன. நாம் சங்கம் வைத்தால் கலகம் என்கிறவர்கள், தங்களுக்குச் சங்கம் வைத்துக்கொள்ளத் தயங்குவதே இல்லை. அந்தச் சங்கத்தின் வேலை, விஞ்ஞானம் இன்னும் நிச்சயமாகவில்லை என்று ஊரெல்லாம் சந்தேகத்தை விதைப்பது. 1997இல் எக்ஸானின் தலைவர் லீ ரேமண்ட் பீகிங் நகரத்துக்கே போய், இருபது வருஷத்துக்கு முன்பு இருந்ததைவிடப் பூமி இப்போது குளிர்ந்திருக்கிறது என்று பேசினார். ஆசிய நாடுகள் புகையைக் கட்டுப்படுத்தப் போனால் முன்னேற முடியாது என்று நமக்காகக் கண்ணீரும் வடித்தார். எவ்வளவு கரிசனம்!

சேர்ந்துகிடக்கும் புகை யாருடையது என்று கணக்குப் பார்த்தால் விஷயம் இன்னும் தெளிவாகும். ஆலைகள் தொடங்கிய நாள்முதல் இன்றுவரை எரிபொருளிலிருந்து வெளிவந்த கரியமில வாயுவில் ஏறத்தாழக் கால் பங்கு அமெரிக்கா ஒன்றுக்கே சொந்தம். பிரிட்டனையும் சேர்த்து ஐரோப்பியக் கூட்டு நாடுகளுக்கு ஐந்தில் ஒரு பங்குக்கு மேல். உலக ஜனங்களில் ஆறில் ஒருவருக்கு மேல் வாழ்கிற இந்தியாவின் பங்கு நூற்றுக்கு மூன்று நான்குதான். இன்றைக்கும் ஓர் அமெரிக்கன் தலைக்கு வருஷத்துக்குச் சுமார் 14 டன். ஓர் இந்தியன் தலைக்குச் சுமார் 2 டன்.

இந்த 2 டன் கணக்கை நம் டில்லிப் பிரதிநிதிகள் ஒவ்வொரு சர்வதேச மகாநாட்டிலும் எடுத்துக் காட்டுகிறார்கள். காட்ட வேண்டியதுதான்; நியாயம் நம் பக்கம் இருக்கிறது. ஆனால் ஊருக்குள்ளே வந்து பேசும்போது நாம் வேறொன்றையும் கேட்க வேண்டியிருக்கிறது. அந்த 2 டன் யாருடைய சராசரி? ஒரே வீட்டுக்கு மாடிமேல் மாடியாக அடுக்கி, அறைக்கு அறை குளிர்சாதனம் வைத்து, சொந்த விமானத்தில் பறக்கிற கோடீசுவரனும், சைக்கிளில் வேலைக்குப் போகிற பெரியாளும் ஒரே சராசரிக்குள் அடைக்கப்பட்டிருக்கிறார்கள். பெரியாளின் வறுமையைக் காட்டிச் சலுகை கேட்டு, அதன் நிழலில் கோடீசுவரனின் புகையை மறைக்கிற வித்தை இது. ஆக்ஸ்பாம் என்ற ஸ்தாபனம் 2023இல் வெளியிட்ட கணக்குப்படி, 2019இல் உலகத்தின் மேல்தட்டு 1 சதவிகிதத்தார் விட்ட புகை, அடித்தட்டில் இருக்கும் மூன்றில் இரண்டு பங்கு ஜனங்கள் விட்ட புகைக்குச் சமம். தேச எல்லைக்கோடு மட்டும் போட்டால் இந்தக் கணக்கு பிடிபடாது.

"சீனாவைப் பற்றி ஏன் பேசவில்லை?" என்று கேட்பார்கள். பேசுவோம். இன்று வருஷாவருஷம் விடும் புகையில் சீனாதான் முதலிடம். உலகப் புகையில் மூன்றில் ஒரு பங்கை ஒட்டி வருகிறது. அதை மூடிமறைத்து நமக்கு ஆகவேண்டியது ஒன்றுமில்லை. அதே சீனாதான் உலகத்தின் சூரிய மின்பலகைகளில் பெரும்பகுதியைச் செய்து, அவற்றின் விலையைச் சரித்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். புகைக்குக் கட்சிக் கொடி கிடையாது. எங்கே எரித்தாலும் சூடேறும்.

வேர்வைக் கணக்கு

இனி உடம்புக்கு வருவோம். மனித உடம்பு சூட்டைத் தணித்துக்கொள்ள வைத்திருக்கும் பெரிய ஆயுதம் வேர்வை. வேர்வை காய்ந்தால்தான் உடம்பு குளிரும். காற்றில் ஈரம் அதிகமாக இருந்தால் வேர்வை காயாது. வழிந்து சொட்டும், அவ்வளவுதான். அதனால்தான் சென்னையிலும் தூத்துக்குடியிலும் 37 டிகிரி, உள்நாட்டு ஊர்களின் 40 டிகிரியைவிட மோசமாக இருக்கும். வானிலை இலாகாவும் இதை உணர்ந்து, வெப்ப அலை என்று அறிவிக்கச் சமவெளிக்கு 40 டிகிரி என்றும் கடற்கரைக்கு 37 என்றும் தனித்தனி எல்லை வைத்திருக்கிறது. உடம்பால் உழைக்கிறவனுக்கு உள்ளிருந்தும் சூடு பிறக்கிறது; வெளியிலிருந்தும் சூடு ஏறுகிறது. ரத்தம் தோலுக்கு ஓடுகிறது, இருதயம் அடித்துக்கொள்கிறது, தண்ணீர் வற்றிச் சிறுநீரகம் கஷ்டப்படுகிறது. தலைச்சுற்றல், வாந்தி, பிதற்றல், மயக்கம் என்று போய், கவனிக்க ஆளில்லாவிட்டால் உயிரே போகிறது.

உப்பளத்துப் பெண்களுக்கு இதற்கு மேலும் ஒரு கொடுமை உண்டு. கண்ணுக்கெட்டிய தூரம் பாத்தியும் வரப்புமாகக் கிடக்கிற இடத்தில் ஒதுங்கக் கழிப்பிடம் இல்லை. அதனால் அவர்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள். மோர் குடி, இளநீர் குடி என்று அறிவுரை எழுதுகிறவர்களுக்கு இது தெரியுமா?

கர்ப்பிணிகளின் நிலைமையைச் சொல்லவே மனம் பதறுகிறது. சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி ஆராய்ச்சி நிறுவனத்தார் 2017 முதல் தமிழ்நாட்டில் 800 கர்ப்பிணிப் பெண்களைத் தொடர்ந்து கவனித்து, 2024இல் முடிவை வெளியிட்டார்கள். வயலிலும் சூளையிலும் உப்பளத்திலும் கடும் வெப்பத்தில் வேலை செய்கிறவர்களுக்குக் கருச்சிதைவும், குழந்தை இறந்து பிறப்பதும் ஏறத்தாழ இரண்டு மடங்கு என்று அதில் கண்டார்கள். சுழிந்து நிற்கும் புள்ளிவிவரமாக இதை வாசித்துவிட்டுப் போக முடியுமா? எத்தனை தொட்டில்கள்!

சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம் 2019இல் ஓர் அறிக்கை தந்தது. 2030க்குள் வெப்பத்தால் உலகத்தின் மொத்த வேலை நேரத்தில் 2.2 சதவிகிதம் பறிபோகும். எட்டுக் கோடி முழுநேர வேலைக்கு அது சமம். இந்தியாவுக்கு நஷ்டம் 5.8 சதவிகிதம், மூன்று கோடியே நாற்பது லட்சம் வேலைக்குச் சமம் என்று அதில் இருக்கிறது. முதலாளிமார் பத்திரிகைகள் இதைப் பெரிய எழுத்தில் போட்டு, தேசத்தின் உற்பத்திக்கு ஆபத்து என்று பதறின. நாம் கேட்கிறோம்: பறிபோகிற அந்த மணி நேரம் யாருடைய பையிலிருந்து போகிறது? செங்கல் அறுக்கிறவனுக்கு ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று கூலி. வெயில் தாங்காமல் ஒரு மணி நேரம் புங்கமரத்தடியில் உட்கார்ந்தால் அந்த மணிக்குரிய கல் குறைகிறது. கல் குறைந்தால் அரிசி குறைகிறது. அவன் உட்காராமல் அறுத்தால் உடம்பு போகிறது. வெயிலின் விலையை முதலாளி ஒரு காசுகூடக் கொடுக்காமல், முழுவதையும் தொழிலாளியின் கூலியிலோ உயிரிலோ கழித்துக்கொள்கிற ஏற்பாட்டுக்குப் பெயர்தான் உருப்படிக் கூலி. சோற்றுப் பொட்டலத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் ஓடுகிற இளைஞர்களுக்கும் இதே முறைதான். கம்பெனி புதிது, கைப்பேசி புதிது, கணக்கு மட்டும் பழைய சூளைக் கணக்கு.

வெயில் மட்டும்தானா? 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. சூடான கடலும் சூடான காற்றும் அதிக ஈரத்தைச் சுமக்கும். சுமந்ததை ஒரே இடத்தில் இறக்கும். தூத்துக்குடி ஜில்லாவே வெள்ளத்தில் மிதந்தது, உப்பளங்கள் மூழ்கின. கோடையில் சூட்டாலும் மாரியில் வெள்ளத்தாலும் அடிபடுகிறவர்கள் அதே உப்பளத்து ஜனங்கள்தான்.

யார் என்ன செய்கிறார்கள்?

சர்வதேச மகாநாடுகளின் கதை நீளமானது, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். 1992இல் ரியோவில் ஒப்பந்தம், 1997இல் கியோட்டோவில் ஒப்பந்தம், 2015இல் பாரிஸில் ஒப்பந்தம். அமெரிக்கா கியோட்டோவை ஏற்கவே இல்லை; பாரிஸிலிருந்து 2020இல் விலகி, 2021இல் சேர்ந்து, 2025 ஜனவரியில் மறுபடியும் விலகுவதாக உத்தரவிட்டது. 2023இல் துபாயில் மகாநாடு கூடியபோது, அதற்குத் தலைமை வகித்தவரே அபுதாபி எண்ணெய்க் கம்பெனியின் தலைவர்! கள்ளுக்கடைக்காரர் தலைமையில் மதுவிலக்கு மகாநாடு. ஏழை நாடுகளின் நஷ்டத்தை ஈடு செய்ய ஒரு நிதி வேண்டும் என்ற பழைய கோரிக்கையை 2022இல் ஒப்புக்கொண்டார்கள். முதலில் வந்து சேர்ந்த வாக்குறுதி சுமார் 70 கோடி டாலர். பட்ட நஷ்டத்தின் முன் அது யானைப் பசிக்குச் சோளப்பொரி.

மகாநாட்டு மேடையைவிட வேலைத்தளத்தில் என்ன நடக்கிறது என்பதே நமக்கு முக்கியம். அங்கே இரண்டு திசையில் உலகம் போகிறது.

அமெரிக்காவின் டெக்ஸாஸ் ராஜ்யத்தில் ஆஸ்டின், டல்லாஸ் ஆகிய இரண்டு நகரசபைகள், கட்டடத் தொழிலாளிக்கு நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை பத்து நிமிஷ ஓய்வு கொடுக்க வேண்டும் என்று விதி செய்திருந்தன. வெறும் பத்து நிமிஷம்! அதுவும் பொறுக்காமல், நகரசபைகளுக்கு அந்த அதிகாரமே கிடையாது என்று 2023இல் ராஜ்யச் சட்டசபை சட்டம் நிறைவேற்றியது. 2024இல் ஃப்ளோரிடா ராஜ்யமும் வெப்பத்திலிருந்து தொழிலாளியைக் காக்க உள்ளூர் மன்றங்கள் விதி செய்யக்கூடாது என்று தடை போட்டது. அதே தேசத்தில் கலிபோர்னியா ராஜ்யத்தில் 2005இலேயே, வெளியிடத்தில் வேலை வாங்குகிறவன் தண்ணீரும் நிழலும் ஓய்வும் தந்தே ஆகவேண்டும் என்று விதி வந்தது. திராட்சைத் தோட்டத்துத் தொழிலாளர்கள் மயங்கி விழுந்து செத்த பிறகு, சங்கம் விடாமல் போராடிய பிறகு வந்த விதி அது.

கத்தார் நாட்டில் உலகக் கால்பந்துப் போட்டிக்கு மைதானம் கட்டியபோது அயல்நாட்டுத் தொழிலாளிகள் செத்து விழுந்த செய்தி வெளியே கசிந்தது. வளைகுடா வேலைக்குப் போன நம் பிள்ளைகளும் அந்த வெயிலை அறிவார்கள். உலகத்தின் கண்டனம் தாங்காமல் 2021இல் அங்கே உத்தரவு வந்தது: ஜூன் முதல் செப்டம்பர் நடுப்பகுதி வரை காலை 10 மணி முதல் பிற்பகல் 3½ மணி வரை வெளியிட வேலை கூடாது. ஈரத்தையும் சேர்த்துக் கணக்கிடும் வெப்ப அளவு 32.1 டிகிரியைத் தாண்டினால் எந்த நேரமானாலும் வேலையை நிறுத்த வேண்டும். சங்கம் வைக்க உரிமையில்லாத மன்னராட்சியில் கிடைத்தது, ஓட்டுரிமை உள்ள நமக்கு ஏன் கிடைக்கக்கூடாது?

பக்கத்து வீட்டையே பாருங்கள். கேரளத்தில் கோடை வந்தால் தொழிலாளர் கமிஷனர் உத்தரவு போடுகிறார்: நேரடி வெயிலில் வேலை செய்கிறவர்களுக்குப் பகல் 12 முதல் 3 வரை ஓய்வு, வேலை நேரத்தைக் காலைக்கும் மாலைக்கும் மாற்றி அமைக்க வேண்டும். 2025இல் பிப்ரவரி மாதமே உத்தரவு வந்துவிட்டது. அங்கே எல்லாத் தளங்களிலும் அது ஒழுங்காக அமலாகிறது என்று நாம் சொல்ல வரவில்லை. ஆனால் மேஸ்திரியின் முகத்துக்கு முன் எடுத்துக் காட்ட ஒரு காகிதம் இருக்கிறது. சங்கத்துக்காரனுக்கு அந்தக் காகிதத்தின் அருமை தெரியும்.

ஆமதாபாத்தில் 2010 மே மாத வெப்ப அலையில் வழக்கத்துக்கு மேல் 1,344 பேர் இறந்தார்கள். அதன்பிறகே 2013இல் அந்த நகரசபை வெப்பத் தடுப்புத் திட்டம் ஒன்றை உண்டாக்கியது. முன்னெச்சரிக்கை, ஆஸ்பத்திரி ஏற்பாடு, தண்ணீர்ப் பந்தல். பல நகரங்கள் அதைப் பின்பற்றுகின்றன. அதே குஜராத்தில் சேவா என்னும் பெண் தொழிலாளர் சங்கம், வெயில் ஓர் அளவைத் தாண்டினால் பணம் தருகிற இன்ஷூரன்ஸ் ஏற்பாடும் செய்தது. 2024இல் சுமார் 50,000 பெண்களுக்கு ஆளுக்கு 400 ரூபாய் கிடைத்தது. ஒரு நாள் உலை வைக்க உதவும் அந்தப் பணத்தை நாம் இழிவாகப் பேசமாட்டோம். ஆனால் வேலை வாங்குகிறவன் பொறுப்பு இன்ஷூரன்ஸ் சீட்டாக மாறிப்போவதையும் ஏற்கமாட்டோம்.

தமிழ்நாட்டில் 2024 அக்டோபரில் ராஜ்ய சர்க்கார் வெப்ப அலையைப் பேரிடர் என்று அறிவித்து, இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்ச ரூபாய் என்று உத்தரவிட்டது. வரவேற்கிறோம். மத்திய சர்க்காரின் பேரிடர்ப் பட்டியலில் அன்று என்ன இருந்தது தெரியுமா? குளிர் அலை இருந்தது. வெப்ப அலை இல்லை. டில்லிக் குளிர் தெரிந்தவர்களுக்குத் திருத்தணி வெயில் தெரியவில்லை! 2025இல் சென்னை மாநகராட்சி அண்ணா நகரில், உணவு கொண்டு போகிற இளைஞர்களுக்குக் குளிர்சாதன ஓய்வறை ஒன்றும் திறந்தது. அதுவும் நல்லது. ஆனால் செத்தபின் 4 லட்சமும், களைத்தபின் ஓய்வறையும் தருகிற சர்க்கார், சாகாமல் களைக்காமல் இருக்க வேலை நேரத்தில் கை வைக்க வேண்டாமா?

மரம் நடு, விளக்கை அணை, உன் வீட்டுப் புகையைக் கணக்குப் பார் என்று உபதேசிக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. மரம் நடுவோம், நிழல் வேண்டுமே! ஆனால் தனி மனிதன் தன் புகையைத் தானே கணக்கிட்டு வெட்கப்பட வேண்டும் என்ற யோசனையை 2000த்துக்குப் பின் உலகமெங்கும் விளம்பரம் செய்து பரப்பியது பிரிட்டனின் பி.பி. எண்ணெய்க் கம்பெனி என்பதை நினைவில் வையுங்கள்.

நெய்வேலித் தோழர்களுக்கு

இதை வாசிக்கும் அனல் மின்நிலையத் தோழர்களும் நெய்வேலிச் சுரங்கத் தோழர்களும் மனம் கலங்கியிருப்பார்கள். நிலக்கரியை நிறுத்து என்றால் எங்கள் அடுப்பையும் நிறுத்துவதா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. நாட்டுக்கு வெளிச்சம் கொடுத்த கைகளைத் தெருவில் விட்டுவிட்டுக் காற்றைச் சுத்தம் செய்வோம் என்று சொல்கிற திட்டம் எதுவானாலும் நாம் எதிர்ப்போம். அமெரிக்காவின் எண்ணெய், ரசாயன, அணுசக்தித் தொழிலாளர் சங்கத்தின் செயலாளர்-பொருளாளராயிருந்த டோனி மசோக்கி இதற்கு வழி சொன்னார்: நச்சுக் கழிவைச் சுத்தம் செய்ய நிதி ஒதுக்குகிறார்களே, அப்படியே வேலை இழக்கும் தொழிலாளிக்கும் சம்பளத்துக்கும் படிப்புக்கும் நிதி ஒதுக்கட்டும் என்றார். தொழிலாளிக்கு நியாயமான மாற்றம் வேண்டும் என்ற சொல் பாரிஸ் ஒப்பந்தத்தின் முன்னுரையிலேயே ஏறிவிட்டது. நெய்வேலியில் நிரந்தரத் தொழிலாளிக்கு மட்டும் அல்லாமல், ஒப்பந்தத் தொழிலாளிக்கும் நிலம் கொடுத்த குடும்பத்துக்கும் அந்த நியாயம் சேர வேண்டும். சுரங்கம் மூடும் நாளை முதலில் தெரிந்துகொள்கிறவர் பங்குதாரராக இருக்கக்கூடாது.

கேட்க வேண்டியது

1948ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டத்தின் 13ஆவது பிரிவு, வேலை செய்யும் அறையில் காற்றோட்டமும், உடல் நலம் கெடாத உஷ்ணமும் இருக்க வேண்டும் என்று விதித்தது. கவனியுங்கள், அறை! சுவரும் கூரையும் இருப்பவனுக்குத்தான் அந்தப் பிரிவு. வானமே கூரையாக இருப்பவனைச் சட்டம் கண்ணெடுத்துப் பார்க்கவில்லை. 2025 நவம்பர் 21 முதல் மத்திய சர்க்கார் பழைய சட்டங்களை ஒழித்து நான்கு தொகுப்புகளை அமலுக்குக் கொண்டுவந்தது. மின்சாரம் உள்ள இடத்தில் 10 பேர் இருந்தால் தொழிற்சாலை என்றிருந்ததை 20 பேர் என்றும், மின்சாரம் இல்லாத இடத்தில் 20 என்றிருந்ததை 40 என்றும் உயர்த்திவிட்டார்கள். உலகம் சூடாகிறபோது கூரையைச் சிறிதாக்குகிறார்கள்.

நமது கோரிக்கை சிக்கலானதல்ல. கோடை மாதங்களில் நேரடி வெயிலில் 12 முதல் 3 வரை வேலை கூடாது; அந்த நேரத்துக்குக் கூலி வெட்டக் கூடாது; உருப்படிக் கூலி வாங்குகிறவர்களுக்கு ஓய்வு நேரத்தைச் சேர்த்து விகிதத்தை உயர்த்த வேண்டும்; தண்ணீர், நிழல், பெண்களுக்குக் கழிப்பிடம் மூன்றும் முதலாளியின் கடமை என்று உத்தரவில் எழுத வேண்டும். கூலி வெட்டாமல் என்ற சொல்லை மட்டும் விட்டுவிட்டால் உத்தரவால் பயனில்லை. பட்டினிக்குப் பயந்து தொழிலாளியே வெயிலில் போய் நிற்பான்.

நடக்குமா என்று சந்தேகப்படுகிறவர்களுக்கு ஒரு ஞாபகம். ஜவுளிக் கடைகளில் நாள் பூராவும் நின்றுகொண்டே வேலை செய்த பெண்களுக்கு உட்கார உரிமை வேண்டும் என்றபோது, வியாபாரம் கெட்டுவிடும் என்றார்கள். கேரளத்தில் 2018இலும் தமிழ்நாட்டில் 2021இலும் சட்டம் திருத்தப்பட்டது. கடைகள் மூடப்படவில்லை, பட்டுப் புடவை விற்றுக்கொண்டுதான் இருக்கிறது. 1923இல் சென்னைக் கடற்கரையில் சிங்காரவேலர் முதல் மே தினத்தைக் கொண்டாடியபோது எட்டு மணி நேரமும் இப்படித்தான் நடக்காத காரியமாகத் தோன்றியது.

ஆகவே பங்குனி பிறக்குமுன் ஒவ்வொரு கிளைச் சங்கமும் ஒரு உஷ்ணமானி வாங்கட்டும். பெட்டிக்குள் வைக்க வேண்டாம். வேலை நடக்கிற இடத்திலேயே மாட்டுங்கள். 12 மணிக்கும் 3 மணிக்கும் பார்த்து ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதியோடு எழுதுங்கள். அன்று தண்ணீர் இருந்ததா, எத்தனை பேருக்குத் தலைசுற்றியது, யாருக்குக் கூலி பிடித்தார்கள் என்பதையும் பக்கத்திலேயே எழுதுங்கள். தொழிலாளர் இலாகா அதிகாரி முன் பேசப்போகிற நாளில் அந்த நோட்டு வேண்டியிருக்கும். வெப்பத்தால் இறந்தார் என்று டாக்டர் எழுதினால்தான் அந்த 4 லட்சம் குடும்பத்துக்கு வரும். "மாரடைப்பு" என்று எழுதிவிட்டால் வராது. ஆகவே மயங்கி விழுந்தவரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போகிற தோழர், எங்கே வேலை செய்தார், எத்தனை மணி நேரம் வெயிலில் நின்றார், எப்போது விழுந்தார் என்பதை டாக்டரிடம் சொல்லி, சீட்டில் ஏறியிருக்கிறதா என்று படித்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டும்.